கொட்டகைத் தரையின் சரிவு

மரியதாஸ் இறந்த செய்தி எனக்கு நந்தனம் சிக்னலில் வந்தது. பேருந்து நின்றிருந்தது. எங்கள் பழைய அலுவலகத்தினரின் வாட்ஸ்அப் குழுவில் பூச்சட்டம் போட்ட ஒரு படம், அதன் கீழே அவர் பெயர், அடக்கம் எத்தனை மணிக்கு என்ற விவரம். படத்தில் இருந்தவர் நோய் வருவதற்கு முந்தைய தாஸ், கன்னங்கள் நிறைந்திருந்தன. பேருந்து நகர்வதற்குள் படத்தின் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வரத் தொடங்கின. ஒருவர் 'மாமனிதர்' என்று எழுதியிருந்தார். அவரைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் எதுவும் எழுதவில்லை. ஜன்னல் வழியே நாங்கள் இருபது வருடம் வேலை செய்த கட்டடத்தின் மூன்றாம் மாடி தெரிந்தது. மதிய வெயிலில் அதன் கண்ணாடிகள் கண்ணைக் கூசவைத்தன.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு நினைவு மலர் அச்சிடுவதாக தாஸின் மனைவி ஸ்டெல்லா சொன்னார். "அவரு வேலையப் பத்தி நீங்க எழுதுங்க உமா. எங்களுக்கு அதெல்லாம் ஒண்ணும் தெரியாது" என்றார். இதை வாசிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கோயிலில், பாடற்குழுவில் அவரை அறிந்தவர்கள். மீதிப் பேர் என்னைப் போல அவரோடு வேலை செய்தவர்கள். இறந்தவர்களைப் பற்றி எழுதப்படுவதை நான் பெரும்பாலும் நம்புவதில்லை. இறந்தவுடன் எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிடுகிறார்கள். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். காரணம் கடைசியில் தெரியும்.

அவர் செய்த வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எஞ்சினுக்கு மூச்சு வேண்டும். காற்று ஒரு வாய் வழியாக உள்ளே போகிறது, வடிகட்டிப் பெட்டியில் தூசு நீங்குகிறது, பிறகு குழாய் வழியாக வந்து, கிளைகளாகப் பிரிந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் நுழைகிறது. அந்த வழி முழுவதையும் வடிவமைப்பது எங்கள் பிரிவு. நாங்கள் சேர்ந்த காலத்தில் ஒரு சிறிய சரக்கு வண்டியின் எஞ்சினில் இந்த வழிக்கு மட்டும் நாற்பத்தொரு உருப்படிகள் இருந்தன: அலுமினிய வார்ப்பு, தகரப் பெட்டி, ரப்பர் குழாய்கள், கிளிப்புகள், திருகுகள், இடையில் வைக்கும் கேஸ்கெட்டுகள். தாஸ் அதைக் குறைப்பதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். நான்கு பாகங்கள் செய்வதை ஒரே பாகம் செய்யும்படி வரைவார். அலுமினியத்துக்குப் பதில் கண்ணாடி இழை கலந்த நைலானில் வார்க்கச் சொல்வார். திருகி இணைக்காமல் இரண்டு பாதிகளை உரசி, அந்தச் சூட்டிலேயே உருக்கி ஒட்டிவிட வைப்பார். பாகம் குறைந்தால் எடை குறையும். எடை குறைந்தால் டீசல் குறையும். சொல்வதற்கு எளிது.

"ரெண்டு பொருள் சேர்ற இடமெல்லாம் என்னிக்காவது ஒருநாள் ஒழுகும் மேடம். சேர்ற இடமே இல்லாம பண்ணிட்டா?" என்பார்.

என்னை 'மேடம்' என்று அழைத்தது கேலிதான். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, வரைபலகையில் தொடங்கி மேலே வந்தவர். நான் பல்கலைக்கழகத்தில் முதுகலை முடித்து நேராகச் சோதனைப் பிரிவுக்கு வந்தவள். இந்த வித்தியாசத்தை எங்கள் அலுவலகம் ஒருநாளும் மறந்ததில்லை. தாஸ் அதை நகைச்சுவையாக வைத்துக்கொண்டார். நான் கவனிக்காததுபோல் இருந்துகொண்டேன். கவனிக்காமல் இருப்பது எனக்குத்தான் வசதி.

எங்கள் பிரிவில் வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வழக்கம் இருந்தது. அதற்குப் பெயர் பஞ்சாயத்து. மூன்றாம் மாடிக் கூடத்தில் தாஸ் ஒரு பழைய போர்வையை விரிப்பார். கிண்டியில் இருந்த எங்கள் சோதனைக் கொட்டகையிலிருந்து ஃபிட்டர் ரஹ்மத் பாய் ஒரு பை நிறையப் பாகங்களைக் கொண்டுவந்து, அதில் வரிசையாகப் பரப்புவார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றி நிற்போம். தாஸ் ஒவ்வொரு பாகமாகக் கையில் எடுப்பார். அது ஏன் இருக்கவேண்டும் என்று வாதாட ஒரு வக்கீல் உண்டு. சோதனை என் பொறுப்பில் இருந்ததால் அந்த வக்கீல் அநேகமாக நான்தான்.

"இவரு எதுக்கு இருக்காரு?" என்று ஒரு கிளிப்பைத் தூக்கிக் காட்டுவார்.

"குழாய் கழண்டு வராம பிடிச்சுக்க."

"குழாயே பெட்டியோட ஒண்ணா வார்த்து வந்துட்டா?"

"எஞ்சின் அதிரும்போது அந்த இடத்துல விரிசல் விடும்."

"விடும்னு தோணுதா, விடும்னு தெரியுமா?"

"சோதிச்சுப் பாத்தாத் தெரியும்."

"அப்ப எழுதிக் குடுங்க."

ரஹ்மத் பாய் சுவரோரம் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருப்பார். "இன்னா சார் நீங்க, ஒவ்வொண்ணா தூக்கிக்கினே இருந்தா கடைசில வண்டில இன்னா மிஞ்சும்?"

"நீங்க மிஞ்சுவீங்க பாய். பின்னாடி நின்னு தள்ளுறதுக்கு."

'எழுதிக் குடுங்க' என்பது அவர் வாயில் எப்போதும் இருந்த சொல். வாயால் சொன்ன எதையும் அவர் எடுத்துக்கொள்ளமாட்டார். துறைத் தலைவர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் அவரைப் பாராட்டியபோதுகூட, "எழுதிக் குடுங்க சார்" என்றார். தலைவர் சிரித்தார். எழுதிக் கொடுக்கவில்லை. நாங்கள் மட்டும் எழுதினோம். ஒரு பாகத்தை எடுத்துவிடவேண்டுமானால், அதற்கென்று இருந்த நீளமான பதிவேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். நீக்குகிறவர் ஒரு கையெழுத்து. வக்கீல், இன்ன சோதனை செய்தபிறகுதான் நீக்கலாம் என்று எழுதவேண்டும். சொல்ல ஒன்றும் இல்லையென்றால் 'எதிர்வாதம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டாவது கையெழுத்து இல்லாமல் ஒரு திருகுகூட அந்த வரைபடத்தைவிட்டுப் போனதில்லை.

வார்த்து ஒட்டிய முதல் மாதிரி வந்த நாள் நினைவிருக்கிறது. தாஸ் அதை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, பழைய அலுமினிய வார்ப்பை இன்னொரு கையில் பிடித்துக்கொண்டு, நேராகக் கீழே கேன்டீன் சமையலறைக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன். காய்கறி நிறுக்கும் தராசின் ஒரு தட்டில் பழையதை வைத்தார், மறு தட்டில் புதியதை. பழையது இருந்த தட்டு டணார் என்று மேடையில் இடித்தது.

"இன்னா சார் இது, எந்த ஊர் சொரக்கா?" என்றார் கேன்டீன் மாஸ்டர்.

"நந்தனம் சொரக்கா. எஞ்சின் மேலேயே வெச்சாலும் வேகாது."

பிறகு கூடையிலிருந்து வெங்காயத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் புதிய மாதிரி இருந்த தட்டில் போட்டார். இரண்டும் சமமாகும்வரை போட்டார். அந்த வெங்காயக் குவியலைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். "இவ்ளோ வெங்காயத்த எதுக்கு மேடம் இத்தனை நாளா ஊரெல்லாம் சுமந்தோம்?" என்றார். அன்று ஒருநாள் மட்டும் நான் அவரிடம் குறுக்குக் கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அவர் கனிவான மனிதர் என்று மலரில் வேறு யாராவது எழுதக்கூடும். எங்களிடம் அவர் அப்படி இருந்ததில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் வரைபடத்தைக் கூட்டத்தில் உயர்த்திப் பிடித்து, "இது எஞ்சினுக்கா, கல்யாண மண்டப வாசலுக்கா?" என்று கேட்டார். அந்தப் பெண் கழிவறைக்குப் போய் அழுதாள். மறுநாள் தாஸ் அவள் மேசையில் உட்கார்ந்து, சாயந்திரம்வரை அந்த வரைபடத்தைக் கோடு கோடாகச் சரிசெய்து கொடுத்தார். அது மன்னிப்பு ஆகாது என்றேன்.

"மன்னிப்பு கேட்டா வரைபடம் சரியாயிடுமா?" என்றார்.

பாகங்களை ஒன்றாக்குவதிலும் எனக்கு முழு நம்பிக்கை இருந்ததில்லை. தனித்தனியாக இருந்தால் உடைந்ததை மட்டும் மாற்றலாம். ஒன்றாக இருந்தால் ஒரு மூலை உடைந்தாலும் முழுவதும் குப்பைக்குப் போகும். இதை நான் பதிவேட்டில் பலமுறை எழுதியிருக்கிறேன். அதற்கு அவர் கோபித்ததில்லை. நான் எழுதாமல் விட்டால்தான் கோபிப்பார்.

அப்படி நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.

வடிகட்டிப் பெட்டியின் அடியில், பின்பக்கம், கட்டைவிரல் நகமளவு ஒரு ரப்பர் வால்வு இருந்தது. உள்ளே தண்ணீர் தேங்கினால் அதன் இரண்டு உதடுகளும் விரிந்து தண்ணீரை வெளியே விடும். மற்ற நேரத்தில் மூடியிருக்கும். பார்க்க வாத்தின் அலகுபோல இருப்பதால் அதை வாத்து மூக்கு என்போம். அதை எடுத்துவிட்டால் பெட்டியின் அடிப்பாகத்தில் ஓட்டை வேண்டாம், அதைச் சுற்றி வளையம் வேண்டாம், தொழிற்சாலையில் கையால் செருகும் வேலையும் வேண்டாம். பெட்டியும் குழாயும் ஒரே வார்ப்பாக வந்துவிடும். தாஸ் இரண்டு வருடமாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொட்டகையில் எஞ்சினை மேடையில் ஏற்றி, வாய்ப்பக்கம் ஹோஸ் பைப்பால் மழைபோல் தண்ணீர் அடித்து, நாட்கணக்கில் சோதித்தேன். உள்ளே போன தண்ணீர் போன வழியிலேயே திரும்பி வாய் வழியாகவே வடிந்துவிட்டது. வாத்து மூக்கு நனையக்கூட இல்லை. தெளிவான முடிவு. இவ்வளவு தெளிவான முடிவு என் சோதனைகளில் அபூர்வம். எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமை தாஸ் அதைப் போர்வையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "இவருக்கு?"

"ஒண்ணும் இல்லை. எடுத்துடலாம்."

"நிஜமாவா? நீங்க இவ்ளோ சீக்கிரம் விடமாட்டீங்களே. மழை?"

"மழைக்குத்தானே சோதிச்சேன். ஒரு சொட்டுகூட அந்தப் பக்கம் வரலை."

"அப்ப எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். எதிர்வாதம் இல்லை. கையெழுத்து, தேதி.

புதிய பெட்டியோடு வண்டிகள் வெளியே வந்து முதல் ஐப்பசி மழை பிடித்தபோது எஞ்சின்கள் நிற்கத் தொடங்கின. தி. நகரில் ஒரு சர்வீஸ் கொட்டகைக்கு இழுத்து வரப்பட்டிருந்த வண்டியைப் பார்க்க நானும் தாஸும் போனோம். அந்த வாரத்தில் அது மூன்றாவது. காய்கறி வண்டி. தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்து, உள்ளே தண்டு வளைந்து உடைந்து, பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே நீட்டியிருந்தது. டிரைவர் ஓரமாக ஒரு டயர்மேல் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"தண்ணில எறக்கலை மேடம். சத்தியமா எறக்கலை. மழைல ஓட்டிக்கினு வந்தேன், அவ்ளோதான். மழைல ஓட்டக்கூடாதுன்னா வண்டி குடுக்கும்போதே சொல்லிக்கணும்ல?"

"எல்லாரும் இதையேதான் சொல்றானுங்க" என்றார் சர்வீஸ் மேனேஜர். "சொரங்கப்பாதைல முட்டி அளவு தண்ணில வுட்டுட்டு, வந்து மழைன்னுவானுங்க."

டிரைவர் அவரை விட்டுவிட்டு தாஸைப் பார்த்தார். "நைனா, நீயாச்சும் தொறந்து பாரு."

தாஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். வடிகட்டிக் காகிதம் கூழாகியிருந்தது. அதன் பின்னால், பெட்டியின் அடியில், ஒரு டம்ளர் அளவு தண்ணீர் அப்படியே நின்றது. ஒரு வேப்பிலை மிதந்தது. சேறு கொஞ்சமும் இல்லை. வெள்ளத்தில் இறக்கிய வண்டியில் சேறு இருக்கும். தாஸ் தண்ணீருக்குள் விரலை விட்டு, அடியில் ஒரு இடத்தைத் தடவினார்.

"இங்க ஒரு ஓட்டை இருந்துச்சு" என்றார் டிரைவரிடம்.

"இப்ப இன்னா ஆச்சு?"

"நான் அடைச்சிட்டேன்."

"எதுக்கு?"

தாஸ் விரலை வெளியே எடுத்தார். கையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

மறுநாள், செவ்வாய்க்கிழமை, நான் தனியாகக் கிண்டிக்குப் போனேன். சோதனையில் முன்பக்கம் வடிந்த தண்ணீர் வண்டியில் ஏன் பின்பக்கம் தேங்கியது என்று எனக்குப் புரியவில்லை. ரஹ்மத் பாயிடம் ரசமட்டம் கேட்டேன். "இன்னா மேடம், இந்த வாரம் ரசமட்டத்துக்கு ஏக கிராக்கி கீது" என்று எடுத்துக் கொடுத்தார். வேறு யார் கேட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அதைச் சோதனை மேடைமேல் வைத்தேன். குமிழி ஒரு பக்கமாக ஓடி நின்றது. தரையில் வைத்தேன். அங்கேயும் அதே பக்கம்.

அந்தக் கொட்டகை முன்பு லாரி கழுவும் இடமாக இருந்தது. கழுவின தண்ணீர் வாசல் சாக்கடைக்கு ஓடட்டும் என்று தரையைச் சரித்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சரிவில் எஞ்சின் முன்பக்கமாகத் தலைகுனிந்து நின்றது. வண்டியில் அது லேசாகப் பின்பக்கம் சாய்ந்து நிற்கும். நாள்தோறும் அந்தத் தரையில் தண்ணீர் வாசலைப் பார்த்து ஓடுவதை நான் பார்த்திருக்கிறேன். என் செருப்பு நனையாமல் தாண்டிப் போயிருக்கிறேன். மேடையின் மட்டம் பார்க்கத் தோன்றவில்லை. அளவுகளை ஒரு தாளில் எழுதி ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை விசாரணை. டிரைவர்கள் வெள்ளத்தில் ஓட்டினார்கள் என்று எழுதி முடித்துவிடலாம் என்பது துறைத் தலைவரின் யோசனை. தாஸ் எழுந்து நின்றார்.

"அப்படி எழுதாதீங்க சார். டிரைவருங்க மேல தப்பு இல்லை. தண்ணி வடியற வால்வை எடுத்தது நான். இதை எழுதிக்கோங்க."

"சோதனை அறிக்கையே அந்த வால்வு வேண்டாம்னு சொல்லியிருக்கே?" என்றார் தலைவர்.

தாஸ் என்னைப் பார்த்தார். அவசரமில்லாமல் பார்த்தார். நான் மடியில் இருந்த ஃபைலைத் திறந்தேன். அந்தத் தாள் மேலேயே இருந்தது. மூடிவிட்டேன்.

"அறிக்கையை வெச்சு முடிவு எடுத்தது நான்தான் சார்" என்றார் தாஸ்.

எதிரே இருந்தவர், வாட்ஸ்அப் குழுவில் 'மாமனிதர்' என்று எழுதிய அதே ஆள், தலைவர் பக்கம் திரும்பி, "டிப்ளமாக்காரர் கையில இவ்ளோ பெரிய முடிவைக் குடுத்திருக்கக் கூடாது சார்" என்றார். என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முதுகலைப் பட்டம் வாங்கியவளின் அறிக்கையில் பிழை இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்பதையே நான் பல வருடம் எனக்குச் சொல்லிக்கொண்டேன். மற்றக் காரணங்களை இங்கே எழுதப் போவதில்லை. பயந்தவர்கள் எல்லோருக்கும் இருக்கும் காரணங்கள்தான்.

டிரைவர்கள் சொன்னது உண்மை என்று கம்பெனி ஏற்றுக்கொண்டது. எஞ்சின்களை மாற்றிக் கொடுத்தார்கள். தாஸை உதிரிபாகப் பட்டியல் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஆறு மாதத்தில் அவராகவே விலகினார். போகிற அன்று, இத்தனை வருடமாக அவர் நீக்கிய பாகங்களில் ஒவ்வொன்று போட்டுவைத்திருந்த பிஸ்கட் டின்னைத் திறந்து ஆளுக்கொன்று கொடுத்தார். பாய்க்கு ஒரு கிளிப். கேன்டீன் மாஸ்டருக்கு ஒரு திருகு. எனக்கு வாத்து மூக்கு. நினைவுப் பொருள் என்று வாங்கிக்கொண்டேன்.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். பெட்டியில் அந்த ஓட்டையும் வால்வும் திரும்ப வந்தன. மற்றபடி அது தாஸ் வரைந்த அதே ஒற்றை வார்ப்பு. இன்றும் ஊரெல்லாம் ஓடுகிறது. நான் சோதனைப் பிரிவின் தலைவி ஆனேன். முதல் வருடமே அந்தக் கொட்டகையின் தரையைப் பெயர்த்து மட்டமாகப் போடச் சொன்னேன். தரை பழசாகிவிட்டது என்று குறிப்பு எழுதினேன்.

தாஸ் அம்பத்தூரில் பிளாஸ்டிக் நாற்காலிக்கு அச்சு செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அவர் வீடு பெசன்ட் நகர், நான் அடையாறு. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கடற்கரைப் பக்கம் எப்போதாவது எதிர்ப்படுவோம். கோயில் முடிந்து ஸ்டெல்லாவோடு வருவார். சுட்ட சோளம் வாங்கி எனக்கும் ஒன்று நீட்டுவார்.

"நாற்காலி நல்ல பொருள் மேடம். ஒரே பாகம். யாரும் கழட்டிப் பாக்கமாட்டாங்க" என்றார் ஒருமுறை.

சிரித்தேன். ஏழு வருடம் இப்படியே போயிற்று.

அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் அவர் சேர்க்கப்பட்டபின் ஒரு மதியம் போனேன். ஸ்டெல்லா மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். சொல்லிவிடவேண்டும் என்று வீட்டிலிருந்தே தீர்மானித்துப் போனேன். தரையின் சரிவு, ரசமட்டம், ஃபைலில் இருந்த தாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும்" என்றார். "நீ செவ்வாக்கிழமை அளந்தே. நான் திங்கக்கிழமையே தி. நகர்லேந்து நேரா அங்க போய் அளந்துட்டேன். பாயைக் கேட்டுப்பாரு."

அவர் என்னை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல்முறை.

"அப்ப ஏன் தாஸ் சொல்லலை?"

"அது உன் அறிக்கை. நீ சொல்லுவேன்னு பாத்தேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஃபைலைத் தொறந்தே. சரி, சொல்லப்போறேன்னு நெனச்சேன். மூடிட்டே."

"மன்னிச்சிருங்க."

"மன்னிச்சா தரை சரியாயிடுமா?" என்றார். பிறகு, "தரையைத்தான் சரி பண்ணிட்டியாமே. பாய் சொன்னாரு."

வெளியே யாரோ தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். அது கடந்துபோகும்வரை தாஸ் காத்திருந்து, கண்ணைத் திறந்து, "எழுதிக் குடு" என்றார்.

பழைய கேலி என்று நினைக்க விரும்பினேன். அவர் முகத்தில் கேலி இல்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை போனேன். முதல்முறை பழம் வாங்கிக்கொண்டு போனேன். அவர் பழத்தைப் பார்க்கவில்லை, என் கைப்பையைப் பார்த்தார். நான் அதைத் திறக்கவில்லை. இரண்டாம் முறை போனபோது அவர் எதையும் பார்க்கிற நிலையில் இல்லை.

அடக்கத்தன்று வீட்டில் ஸ்டெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டார். தலைமாட்டில் மெழுகுவர்த்தி எரிந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

"ரெண்டு மூணு வாட்டி கேட்டுட்டாரு உமா. உமாகிட்டேந்து ஏதாவது வந்துச்சான்னு. என்ன வரணும்னு கேட்டேன். ஒரு காகிதம், எழுதித் தருவா, வரும்னாரு. அது என்னது?"

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஆபீஸ் விஷயம் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு அடுத்து வந்தவரைப் பார்க்கத் திரும்பினார்.

ஸ்டெல்லா, அந்தக் காகிதம் இதுதான். அச்சுக்குப் போகும் முன் நீங்கள்தான் முதலில் படிக்கப் போகிறீர்கள். மலரில் போடுவதும் விடுவதும் உங்கள் விருப்பம். இதன் ஒரு பிரதியை எங்கள் பழைய துறைக்கும் அனுப்பியிருக்கிறேன். பதிவேட்டில் இருக்கவேண்டியது இது: தண்ணீர் வடியும் வால்வை நீக்கச் சொன்னது மரியதாஸ். நீக்கலாம் என்று சொன்ன சோதனை தவறானது. அந்தச் சோதனையைச் சரிந்த தரையில் செய்தவள் நான். விசாரணைக்கு இரண்டு நாள் முன்பே அது எனக்குத் தெரியும். அவர் பேர் கெட்டபோது நான் அறையில் இருந்தேன், பேசவில்லை. இதற்கு எதிர்வாதம் இல்லை. உமா.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த வாத்து மூக்கு ஒன்றுதான். நேற்று மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். ரப்பர் இறுகி, உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. அலகு கீழே பார்க்கும்படி பிடித்து அதற்குள் தண்ணீர் விட்டேன். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. விளிம்புவரை நிறைந்து அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, கவிழ்த்துக் கொட்டி, துடைத்து, பழைய இடத்திலேயே வைத்தேன்.